வீட்டில் செய்யும் கணினிப் பலகை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

28 கால்கள் கொண்ட ஒரே சிப்பைக் கொண்டு சிறு கணினி ஒன்றை அமைப்பது குறித்து முந்தைய இதழில் எழுதியிருந்தோம். மைக்ரோசிப் நிறுவனத்தின் பிக்32 வரிசையைச் சேர்ந்த, எம்எக்ஸ்170எஃப்256பி என்று எண்ணிட்ட அந்தச் சிப்புக்குள் 256 கிலோபைட் பிளாஷ் நினைவகமும் 64 கிலோபைட் ரேமும் இருக்கின்றன. ஆஸ்திரேலியரான ஜெஃப் கிரகாம் எழுதிய எம்எம்பேசிக் மென்பொருளை அதில் ஏற்றிவிட்டால், 2014இல் மைக்ரோமைட் என்ற பெயரில் அறிமுகமான கணினி நம் கைக்கு வந்துவிடுகிறது. பேசிக் மொழியில் நிரலை எழுதவும், திருத்தவும், ஓட்டவும் அந்தச் சிப் ஒன்றே போதும். கடிகாரத் துடிப்புத் தரும் கிரிஸ்டல்கூட வெளியே தேவையில்லை.

அக்கட்டுரையைப் படித்துவிட்டு டெல்டா மாவட்டங்களிலிருந்து எழுதியவர்களில் பெரும்பாலோர் நிரலைப் பற்றிக் கேட்கவில்லை; செம்பையும் சால்டரையும் (பற்றாசு) பற்றித்தான் கேட்டிருக்கிறார்கள். அது சரியான அக்கறை. சிப் தொழிற்சாலையிலேயே சோதிக்கப்பட்டு வருகிறது. யாரும் சோதிக்காமல் இருப்பது நாம் வீட்டில் செய்யும் பலகை ஒன்றுதான்.

கேள்வி: பலகையை வெளியூருக்கு எழுதி வரவழைக்காமல் வீட்டிலேயே செய்ய விரும்புகிறேன். இஸ்திரிப் பெட்டியால் டோனரை ஒட்டும் முறையில் முயன்றேன். தடங்கள் அங்கங்கே அறுந்துபோகின்றன. ஒரு தடவை படமே இடவலம் மாறி வந்துவிட்டது. எங்கே தவறு செய்கிறேன் என்று விளக்க வேண்டும், ஐயா.
– பாலிடெக்னிக் மாணவர், மன்னார்குடி

பதில்: பலகையின் செம்பின் மேல் டோனர் ஒட்டிய இடம் மட்டும் மின்தடமாக நிற்க, மற்றச் செம்பை அரித்து எடுப்பதே இந்த முறை. படம் மாறியதை முதலில் பார்த்துவிடுவோம். ஒற்றைப் பக்கப் பலகையில் பாகங்கள் மேலேயும் செம்புத் தடங்கள் அடியிலும் இருக்கும். பலகை வரையும் மென்பொருள்கள், அடிப்பக்கத் தடங்களை மேலிருந்து ஊடுருவிப் பார்ப்பதுபோலவே திரையில் காட்டுகின்றன. அதை அப்படியே அச்சிட்டுச் செம்பின் மேல் கவிழ்த்து ஒட்டும்போது படம் தானாகவே திரும்பிச் சரியான நிலைக்கு வந்துவிடும். நீங்கள் கண்ணாடிப் பிம்பமாக மாற்றி அச்சிட்டிருப்பீர்கள்; அதனால் இரண்டு முறை திரும்பிவிட்டது. இனி இந்தக் குழப்பம் வராதிருக்க, செம்பு அடுக்கிலேயே உங்கள் ஊர்ப் பெயரை ஓர் ஓரத்தில் எழுதி வையுங்கள். அச்சிட்ட தாளில் அந்த எழுத்து மாறித் தெரியவேண்டும். செம்பின் மேல் நேராகப் படிக்க வரவேண்டும்.

அச்சிட்டவுடன் இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். ஜெராக்ஸ் கடைகளில் தாளுக்குப் பொருந்தும்படி படத்தைச் சற்றுச் சுருக்கி அச்சிட்டுவிடுவது வழக்கம். சிப்பைச் செருகும் 28 கால் சாக்கெட்டில் முதல் காலுக்கும் பதினான்காம் காலுக்கும் இடையே 33 மில்லிமீட்டர் தொலைவு. இரு வரிசைகளுக்கு இடையே 7.62 மில்லிமீட்டர். சாக்கெட்டைத் தாளின் மேல் வைத்து எல்லாக் கால்களும் வட்டங்களின் நடுவில் உட்காருகின்றனவா என்று பாருங்கள். அரை மில்லிமீட்டர் பிசகினாலும் அந்தத் தாளைத் தள்ளிவிட்டு நூறு விழுக்காட்டு அளவில் மறுபடி அச்சிடச் சொல்லுங்கள்.

தடம் அறுவதற்கு முதற்காரணம் செம்பின் மேல் படிந்துள்ள கைரேகை எண்ணெய். நைசான வாட்டர் பேப்பரால் தண்ணீர் தொட்டுத் தேய்த்து, செம்பு ஒரே சீராக இளஞ்சிவப்பானதும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடையுங்கள். அதன் பிறகு பலகையின் விளிம்பைத் தவிர வேறெங்கும் விரல் படக்கூடாது. இரண்டாவது காரணம், தடத்தை மிக மெல்லியதாக வரைவது. தொழிற்சாலைப் பலகைகளைப் பார்த்து 0.25 மில்லிமீட்டரில் தடம் போட வேண்டாம். இந்தக் கணினியில் இருப்பவை மிகச் சில இணைப்புகள்தாம். ஆகவே சாதாரணத் தடங்களை 0.8 மில்லிமீட்டரிலும், மின்வழங்கும் தடங்களை 1.5 மில்லிமீட்டரிலும் தாராளமாக வரையலாம். சிப்பின் இரு கால்களுக்கு நடுவே தடத்தை நுழைக்க முயலாதீர்கள். குறுக்கே போகவேண்டிய இடத்தில், வெட்டிய மின்தடையின் மிச்சக் கம்பியை மேல்பக்கம் பாலமாகப் போட்டுக்கொள்வது எவ்வளவோ மேல். பயன்படாத இடத்திலெல்லாம் செம்பை விட்டுவைத்து அதை எர்த் தடத்தோடு சேர்த்துவிட்டால், அரிக்கவேண்டிய செம்பும் குறையும், மின் இரைச்சலும் குறையும்.

ஒட்டும் வேலையில் அவசரம் கூடாது. டோனர் என்பது வெப்பத்தில் இளகும் பிளாஸ்டிக் பொடி. ஆகையால் லேசர் அச்சும் ஜெராக்ஸும் உதவும், மை தெளிக்கும் அச்சு உதவாது. மெல்லிய வழவழப்பான தாள் நல்லது. இதழ்களின் நடுப்பக்க விளம்பரத் தாளே பலருக்கு நன்றாக வேலை செய்கிறது. இஸ்திரிப் பெட்டியைப் பருத்தித் துணிக்கான சூட்டில், நீராவி இல்லாமல் வைத்து, முதலில் அசைக்காமல் அரை நிமிடம் அழுத்துங்கள். தாள் செம்பைக் கவ்விக்கொண்ட பிறகு, பெட்டியின் முனையால் ஓரங்கள் உட்பட எல்லா இடத்தையும் இரண்டு மூன்று நிமிடம் நிதானமாகத் தேயுங்கள். அடியிலுள்ள தடங்களின் வரிகள் தாளின் முதுகில் லேசாக மஞ்சளித்துத் தெரியத் தொடங்கினால் ஒட்டிவிட்டது என்று பொருள். பலகை தானாக ஆறட்டும். பிறகு வெதுவெதுப்பான தண்ணீரில் கால் மணி நேரம் ஊறவைத்து, தாளை உரிக்காமல், கட்டைவிரலால் உருட்டி உருட்டி எடுங்கள். உரித்தால் டோனரும் சேர்ந்து வந்துவிடும். உங்கள் தடங்கள் அறுந்த விதத்தைப் பார்த்தால், பெரும்பாலும் இங்கேதான் அறுந்திருக்கும் என்று நினைக்கிறேன். சிறு விடுபாடுகளை அழியாத மார்க்கர் பேனாவால் அடைத்துவிடலாம்.

செம்பை அரிக்கும் பெர்ரிக் குளோரைடு கரைசலில் பலகையைச் செம்பு கீழே பார்க்கும்படி மிதக்கவிட்டு, தட்டை மெல்ல ஆட்டிக்கொண்டிருங்கள். கரைசல் 40 முதல் 50 டிகிரி வரை சூடாக இருந்தால் வேலை விரைவில் முடியும். தட்டைச் சுடுதண்ணீர்ப் பாத்திரத்தில் வைத்தாலே போதும். துளையிட, சாக்கெட்டுக்கும் மின்தடைகளுக்கும் 0.8 மில்லிமீட்டர் டிரில் பிட், வெளிக்கம்பிகளை இணைக்கும் ஹெடர் பின்களுக்கு 1 மில்லிமீட்டர். ஹெடர் பின் சதுரக் கம்பியாதலால் மூலைவிட்டத்தில் அது 0.9 மில்லிமீட்டர் வரும், 0.8 துளையில் நுழையாது. படத்தில் ஒவ்வொரு வட்டத்தின் நடுவிலும் 0.4 மில்லிமீட்டர் வெற்றுப் புள்ளி விட்டு வரைந்தால், அங்கே செம்பு கரைந்து சிறு குழி விழும். டிரில் முனை வழுக்காமல் அதில் போய் அமரும். கண்ணாடி இழைப் பலகையானால் துளைக்கும்போது முகக்கவசம் அணிந்துகொள்ளுங்கள்.

துளையிட்டு முடிந்ததும் சால்டரிங் அயர்னை எடுக்க வேண்டாம், மல்டிமீட்டரை எடுங்கள். ஒவ்வொரு தடத்தின் இரு முனைக்கும் தொடர்பு இருக்கிறதா, அடுத்தடுத்த தடங்களுக்குத் தொடர்பு இல்லாமல் இருக்கிறதா என்று இந்த நிலையில் பார்த்துவிட்டால், மயிரிழை அளவு விரிசலைக்கூட எளிதாகக் கண்டுபிடித்துவிடலாம். பாகங்களை ஏற்றிய பிறகு அதே விரிசலைத் தேட அரை நாள் பிடிக்கும்.

கேள்வி: எங்கள் குடும்பத்தில் செம்பு, பித்தளைப் பாத்திரங்களைத் துலக்கி ஈயம் பூசும் தொழில் உண்டு. செம்பைப் புளியால் துலக்குவதும், ஈயம் ஒட்ட நவச்சாரம் போடுவதும் எங்களுக்குப் பழக்கம். மகன் செய்யும் கணினிப் பலகைக்கும் அதே முறையைக் கையாளலாமா?
– பாத்திரத் தொழிலாளர், கும்பகோணம்

பதில்: புளிக்குச் சரி, நவச்சாரத்துக்கு வேண்டாம். புளியிலுள்ள டார்டாரிக் அமிலம் செம்பின் மேல் படிந்த கறுப்பைக் கரைத்துவிடுகிறது. செம்பை அது அதிகம் தின்பதுமில்லை. நாட்பட்டுக் கறுத்த பலகையைத் துலக்க அது நல்ல வழிதான். ஆனால் நார், சக்கை எதுவும் நிற்காமல் கழுவி, ஈரம் போகத் துடைத்து, கடைசியில் ஆல்கஹாலால் ஒருமுறை துடைத்துவிட வேண்டும். அதை உடனே செய்யாமல் மறுநாளைக்கு வைத்தால் மீண்டும் கறுத்துவிடும்.

நவச்சாரம் என்பது அம்மோனியம் குளோரைடு. சூடேறிய பாத்திரத்தின் மேல் அதைத் தூவும்போது அது பிரிந்து, செம்பின் மேலுள்ள ஆக்சைடை வெட்டி எடுத்துவிடுகிறது. ஈயம் பளபளவென்று பரவுகிறது. பாத்திரத்துக்கு அவ்வளவு சூடும் உண்டு, பிறகு நன்றாகக் கழுவவும் செய்கிறீர்கள். பலகையில் இரண்டும் முடியாது. 2.54 மில்லிமீட்டர் இடைவெளியில் நிற்கும் கால்களுக்கு அடியிலும், சாக்கெட்டின் வயிற்றிலும் தங்கிவிடும் குளோரைடு, காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டு செம்பை நாளுக்கு நாள் அரிக்கும். இரு கால்களுக்கு இடையே மின்சாரம் கசியவும் வழி செய்யும். தகர வேலைக்குப் பயன்படும் துத்தநாகக் குளோரைடு கரைசலும் இதே காரணத்தால் ஆகாது. சால்டர் நன்கு ஒட்டிப் பரவ உதவும், பைன் மரப் பிசினிலிருந்து வரும் ரோசின் பிளக்ஸையே பயன்படுத்தச் சொல்லுங்கள்.

ஆனால் உங்கள் கை அறிந்த ஒன்று மகனுக்குப் பெரிதும் உதவும். பாத்திரம் போதிய சூடேறாமல் ஈயம் பரவாது என்பது உங்களுக்குத் தெரியும், பலகையிலும் அப்படியேதான். அயர்ன் முனையில் சால்டரை உருக்கிக் கொண்டுவந்து அப்பாமல், முனையைச் செம்புத் திட்டின் மீதும் பாகத்தின் கம்பி மீதும் ஒருசேர வைத்து, இரண்டையும் சூடாக்கிய பிறகு சால்டர் கம்பியை அந்தச் சந்திப்பில் கொடுக்க வேண்டும். 63 பங்கு வெள்ளீயமும் 37 பங்கு காரீயமும் கலந்த கம்பி 183 டிகிரியில் சட்டென்று உருகி, சட்டென்று உறையும். கற்பவர்களுக்கு அதுவே ஏற்றது. நீங்கள் பாத்திரத்துக்குப் பூசுவது வெள்ளீயம். இதிலோ காரீயம் இருக்கிறது. ஆகவே இந்தக் கம்பியும் அதன் துணுக்குகளும் உங்கள் பட்டறைச் சாமான்களோடு ஒருபோதும் கலந்துவிடக் கூடாது.

கேள்வி: பலகையை அரித்து முடித்த கரைசலை வீட்டுக்குப் பின்னால் ஓடும் வாய்க்காலில் ஊற்றலாமா? தண்ணீர் வேகமாகப் போகும்போது ஊற்றினால் கெடுதல் இல்லை என்று நண்பர் சொல்கிறார்.
– கல்லூரி மாணவி, திருத்துறைப்பூண்டி

பதில்: ஊற்றவே கூடாது. தண்ணீர் வேகமாகப் போனாலும், அது போய்ச் சேருவது யாரோ ஒருவர் வயலுக்கும் குளத்துக்கும்தான். மேட்டூரிலிருந்து கிளைகிளையாகப் பிரிந்து வரும் தண்ணீர் கடைமடையான உங்கள் பகுதிக்கு எவ்வளவு அருமையாக வந்து சேருகிறது என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

பெர்ரிக் குளோரைடு செம்பைக் கரைக்கும்போது அது பெர்ரஸ் குளோரைடாக மாறுகிறது; கரைந்த செம்பு, செம்புக் குளோரைடாகக் கரைசலிலேயே இருக்கிறது. பழுப்பாக இருந்த கரைசல் பச்சையாக மாறுவது அதனால்தான். செம்பு உப்பு மிகச் சிறிய அளவிலேயே மீன் குஞ்சுகளையும் நத்தைகளையும் பாசியையும் கொல்லும். வயல் மண்ணில் சேர்ந்தால் எளிதில் போகாது.

முதலில், ஒரு பலகையோடு கரைசலைக் கொட்டிவிடத் தேவையே இல்லை. இறுக மூடும் பிளாஸ்டிக் குடுவையில், பெயர் எழுதி, சிறுவர் கைக்கு எட்டாத இடத்தில் வைத்து, அரிப்பு மிகவும் மந்தமாகும் வரை பல பலகைகளுக்குப் பயன்படுத்தலாம். எவர்சில்வர் பாத்திரத்தில் ஊற்றிவிடாதீர்கள்; அதையும் இக்கரைசல் அரித்து ஓட்டையாக்கும். பயன் தீர்ந்த பின், பெரிய பிளாஸ்டிக் வாளியில் அதைத் தண்ணீர் விட்டு நீர்க்கச் செய்து, வாஷிங் சோடாவைச் சிறிது சிறிதாகப் போட்டுக் கலக்குங்கள். கரியமில வாயு நுரைத்துக்கொண்டு எழும் என்பதால் அவசரப்பட்டால் வாளியிலிருந்து பொங்கி வழிந்துவிடும். வேலையைத் திறந்த வெளியில், கையுறையும் கண்ணாடியும் அணிந்து செய்யுங்கள். நுரை அடங்கி, அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் தாளில் 7 முதல் 8 வரை காட்டும்போது இரும்பும் செம்பும் சேறாக அடியில் படியும். அந்தச் சேற்றை வடிகட்டிக் காயவைத்து, மூடிய டப்பாவில் இட்டு, உங்கள் கல்லூரி வேதியியல் ஆய்வகத்தின் கழிவோடு சேர்க்கும்படி பொறுப்பாசிரியரிடம் கேளுங்கள். தெளிந்த தண்ணீரிலும் சிறிது செம்பு மிஞ்சியிருக்கக்கூடும். அதையும் ஆய்வகத்திடமே ஒப்படைப்பது நல்லது.

கேள்வி: எல்லாவற்றையும் சால்டர் செய்து முடித்துவிட்டேன். கைப்பேசி சார்ஜரிலிருந்து 5 வோல்ட் கொடுத்தால், மின்னழுத்தத்தைக் குறைத்துத் தரும் ரெகுலேட்டர் சரியாக 3.3 வோல்ட் தருகிறது. 28ஆம் காலிலும் 13ஆம் காலிலும் அது வந்து சேருகிறது. ஆனால் மடிக்கணினியில் ஓர் எழுத்துகூட வரவில்லை. 20ஆம் காலில் மீட்டர் பூஜ்யம் காட்டுகிறது. சிறிது நேரத்தில் ரெகுலேட்டரும் சிப்பும் கைக்குச் சூடாகத் தெரிகின்றன. சிப் கெட்டுவிட்டதா?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: கேள்வியோடு அளவுகளையும் எழுதி அனுப்பினீர்களே, அதற்கு நன்றி. அந்த அளவுகளே விடையைப் பெரும்பாலும் சொல்லிவிடுகின்றன. சிப் கெட்டிருக்க வேண்டியதில்லை.

சூட்டைக் கணக்கிட்டுப் பாருங்கள். இந்தச் சிப் வேலை செய்யும்போது சுமார் 30 மில்லிஆம்பியர் எடுக்கும். ரெகுலேட்டரில் விழும் அழுத்தம் 5இலிருந்து 3.3 போக 1.7 வோல்ட். இரண்டையும் பெருக்கினால் ஒரு வாட்டில் இருபதில் ஒரு பங்கு. அது விரலுக்குத் தெரியவே தெரியாத சூடு. கைக்குத் தெரியும்படி சுடுகிறது என்றால் எங்கோ மின்சாரம் அளவுக்கு மீறி ஓடுகிறது. எங்கே என்பதைத்தான் 20ஆம் கால் காட்டிக்கொடுக்கிறது.

சிப்பின் உள்மூளை 3.3 வோல்ட்டில் ஓடுவதில்லை. சிப்புக்குள்ளேயே இருக்கும் இன்னொரு ரெகுலேட்டர் 1.8 வோல்ட்டை உண்டாக்கித் தருகிறது. அதை நிலைப்படுத்துவதற்கான மின்தேக்கி வெளியே இணையும் இடம்தான் 20ஆம் கால். சரியாக இருக்கும் பலகையில் அங்கே சுமார் 1.8 வோல்ட் இருக்கவேண்டும். அதற்குப் பக்கத்திலேயே இருக்கும் 19ஆம் கால் எர்த். இரண்டு திட்டுகளும் அடுத்தடுத்து இருப்பதால் மின்தேக்கியை நேராக அவற்றுக்கு இடையே வைப்பது வசதி. அதே வசதியால்தான் சால்டர் ஒரு திட்டிலிருந்து மற்றதற்கு வழிந்து பாலம் போட்டுவிடுகிறது. அப்படி ஒரு பாலம் விழுந்தால் உள் ரெகுலேட்டர் எர்த்தோடு நேரே சேர்ந்துவிடும். பூஜ்யம் காட்டுவதும், சிப் சூடாவதும், உயிர் வராததும் மூன்றும் அதற்குப் பொருந்துகின்றன.

மின் இணைப்பை எடுத்துவிட்டு, சிப்பை இரு முனையிலும் சமமாக நெம்பிச் சாக்கெட்டிலிருந்து எடுங்கள். பிறகு மல்டிமீட்டரை ஒலி எழுப்பும் நிலையில் வைத்து 19, 20 ஆகிய இரு திட்டுகளையும் தொடுங்கள். மின்தேக்கி நல்லதாக இருந்தால் தொட்டவுடன் ஒரு சிறு ஒலி எழுந்து உடனே நின்றுவிடும். மீட்டர் தரும் மின்சாரத்தில் மின்தேக்கி நிறைவதன் அடையாளம் அது. ஒலி நிற்காமல் தொடர்ந்தால் பாலம் இருக்கிறது. பலகையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, உருப்பெருக்கிக் கண்ணாடியால் அந்த இரு திட்டுகளுக்கு நடுவே பாருங்கள். வெள்ளிக் கம்பிபோல் ஒன்று ஓடியிருக்கலாம், அல்லது செம்பு முழுதாகக் கரையாமல் மெல்லிய செந்நிற இழை நின்றிருக்கலாம். முதலாவதென்றால் பிளக்ஸ் தடவிச் சால்டர் உறிஞ்சும் செம்புப் பின்னலால் எடுங்கள். இரண்டாவதென்றால் கூரிய கத்தியால் கீறி எடுங்கள்.

பாலம் எதுவும் இல்லையென்றால் மின்தேக்கியையே சந்தேகியுங்கள். டான்டலம் வகைக்குத் திசை உண்டு. அதன் கூட்டல் முனை 20ஆம் காலுக்கு வரவேண்டும். எலக்ட்ரோலிட்டிக் மின்தேக்கிகளில் கோடு கழித்தல் முனையைக் குறிக்கும்; டான்டலத்தில் அடையாளமிட்ட முனைதான் கூட்டல். இந்த மாற்றத்தால் பலர் தலைகீழாகப் போட்டுவிடுகிறார்கள். தலைகீழாகப் போட்ட டான்டலம் உள்ளே இரு முனைகளும் நேரே இணைந்துபோய்ப் பாலம்போலவே நடந்துகொள்ளும். 47 மைக்ரோபாரட் டான்டலமோ 10 மைக்ரோபாரட் பல அடுக்குப் பீங்கான் மின்தேக்கியோ போடலாம். பீங்கானுக்குத் திசை இல்லை என்பதால் புதியவர்களுக்கு அதையே பரிந்துரைக்கிறேன். சாதாரண எலக்ட்ரோலிட்டிக் போடாதீர்கள். அதன் உள் மின்தடை அதிகம். அதை வைத்தால் சிப் ஒரு நாள் ஓடும், மறுநாள் ஓடாது.

20ஆம் காலில் 1.8 வந்த பிறகும் திரையில் ஒன்றும் வராவிட்டால் 11ஆம் காலை அளந்து பாருங்கள். அது கணினி எழுத்துகளை அனுப்பும் கால். எம்எம்பேசிக் உள்ளே ஓடிக்கொண்டிருந்தால், எதுவும் அனுப்பாத நேரத்தில் அங்கே 3.3 வோல்ட் நிற்கும். நிற்காவிட்டால், சிப்பில் மென்பொருள் ஏறவில்லை என்று கொள்ளலாம்; கடையிலிருந்து வரும் சிப் வெறுமையாகத்தான் வரும். 3.3 வோல்ட் நிற்கிறது, எழுத்து மட்டும் வரவில்லை என்றால், பலகையை மடிக்கணினியோடு இணைக்கும் யுஎஸ்பி மாற்றியின் பெறும் கம்பி 11ஆம் காலுக்கும், அனுப்பும் கம்பி 12ஆம் காலுக்கும் குறுக்காக வருகின்றனவா என்றும், வேகம் நொடிக்கு 38400 பிட் என்று அமைந்திருக்கிறதா என்றும் பாருங்கள். மாற்றியின் மீதே ஐயம் இருந்தால், அதைப் பலகையிலிருந்து கழற்றி, அதன் அனுப்பும் முனையையும் பெறும் முனையையும் ஒரு கம்பியால் இணைத்துவிட்டு, விசைப்பலகையில் தட்டுங்கள். தட்டிய எழுத்து திரையில் திரும்பி வந்தால் மாற்றி நன்றாக இருக்கிறது.

அடுத்த பலகையை எல்லாவற்றையும் சால்டர் செய்துவிட்டுச் சோதிக்காமல், படிப்படியாக ஏற்றுங்கள். முதலில் ரெகுலேட்டரும் அதன் மின்தேக்கிகளும் மட்டும். மின்சாரம் கொடுத்து 3.3 வருகிறதா என்று அளந்த பிறகு சாக்கெட். சிப் இல்லாத வெறுஞ்சாக்கெட்டிலேயே 13, 28 ஆகியவற்றில் 3.3 வோல்ட்டும், 8, 19, 27 ஆகியவற்றில் எர்த்தும், முதல் காலில் 10 கிலோஓம் மின்தடை வழியாக 3.3 வோல்ட்டும் வருகின்றனவா என்று பார்க்கவேண்டும். 20ஆம் காலில் இந்த நிலையில் ஒன்றும் வரக்கூடாது, வந்தால் 3.3 தடம் அங்கே தொட்டுக்கொண்டிருக்கிறது, அதோடு சிப்பைச் செருகினால் சிப் போய்விடும். இவ்வளவும் சரியாக இருந்த பிறகே சிப்பைச் செருகுங்கள். ரெகுலேட்டரை மாற்றிப் போடுபவர்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். எல்டி1117இன் கால்கள் எர்த், வெளியீடு, உள்ளீடு என்ற வரிசையில் இருக்கின்றன. நாம் பழகிய 7805இன் வரிசை உள்ளீடு, எர்த், வெளியீடு. உருவம் ஒன்றாக இருப்பதால் ஒன்றின் இடத்தில் மற்றதைச் செருகிவிடக் கூடாது.

கேள்வி: எங்கள் ஊரில் எந்தப் பலகையும் ஒரு மழைக்காலம் தாண்டினால் பச்சை பூத்துவிடுகிறது. இதைத் தடுக்க வழி உண்டா?
– உப்பளப் பணியாளர், வேதாரண்யம்

பதில்: கடற்காற்றோடு வரும் உப்புத்துகள் பலகையின் மேல் படிந்து, ஐப்பசி கார்த்திகை ஈரத்தை இழுத்து, செம்போடு சேர்ந்து பச்சையாகிறது. வெறும் செம்பை வெளியே விடாமல் இருப்பதே வழி. அரித்து முடிந்ததும் எல்லாத் தடங்களின் மேலும் பிளக்ஸ் தடவி மெல்லிய சால்டர் பூச்சுக் கொடுங்கள். பாகங்களை ஏற்றிய பின் பிளக்ஸ் பிசுக்கை ஆல்கஹாலும் பழைய பல்துலக்கியும் கொண்டு கழுவுங்கள். கடைசி அலசலுக்குக் கிணற்றுத் தண்ணீர் வேண்டாம்; உப்பைக் கழுவ உப்புத் தண்ணீரையே ஊற்றியதாக ஆகிவிடும். பேட்டரிக்கு ஊற்றும் வடிநீரில் அலசி, வெயிலில் நன்கு காயவைத்து, சாக்கெட்டுக்கும் ஹெடர் பின்களுக்கும் தாள் ஒட்டி மறைத்துவிட்டு, மின்பலகைகளுக்கென்றே விற்கும் அக்ரிலிக் தெளிப்பை இரண்டு பூச்சுக் கொடுங்கள். ஈரம் உள்ளே இருக்கும்போது தெளித்தால் அது அடியிலேயே அடைபட்டுவிடும். சாக்கெட்டின் உட்புறத்தைப் பூச முடியாது என்பதால், நிரந்தரமாக வெளியில் வைக்கப்போகும் பலகையில், சோதித்து முடித்த சிப்பைச் சாக்கெட் இல்லாமல் நேரடியாகவே சால்டர் செய்துவிடுவது உங்கள் ஊருக்கு நல்லது.

கேள்வி: வயலில் மும்முனை மின்சாரம் வந்ததும் மோட்டாரைத் தானாக ஓடவிட இந்தக் கணினியைப் பயன்படுத்த எண்ணம். மின்சாரத்தால் இயங்கும் சுவிட்சான ரிலேயையும் அதே பலகையில் வைத்துக்கொள்ளலாமா?
– விவசாயி, பாபநாசம்

பதில்: வைக்காதீர்கள். வீட்டில் அரித்த பலகையில் தடங்களுக்கு இடையே ஒரு மில்லிமீட்டர்கூட இடைவெளி இருக்காது. மும்முனையில் இரு முனைகளுக்கு இடையே 415 வோல்ட் வரை இருக்கும். ஈரக் கையோடு தொடும் இடத்தில் அது உயிருக்கு ஆபத்து. கணினிப் பலகை 5 வோல்ட்டுக்கு மேல் எதையும் பார்க்காமல் இருக்கட்டும். மின்தொடர்பு இல்லாமல் ஒளியால் மட்டும் குறிப்பைக் கடத்தும் ஒளிவழிப் பிரிப்பு உள்ள ஆயத்த ரிலே பலகையைத் தனிப் பெட்டியில் வைத்து, அது ஸ்டார்ட்டரின் காயிலை மட்டும் இயக்கும்படி, உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கொண்டு இணையுங்கள். ஒரு முனை இல்லாதபோது மோட்டாரை நிறுத்தும் காப்புக்கருவி ஸ்டார்ட்டரில் ஏற்கெனவே இருந்தால் அதை ஒருபோதும் கழற்ற வேண்டாம். முதலில் தொட்டித் தண்ணீர் மட்டத்தை மிதவைச் சுவிட்சால் அறிந்து திரையில் காட்டுவது, டிஎஸ்18பி20 உணரியால் வெப்பத்தை அளப்பது போன்றவற்றைச் செய்து பழகுங்கள். எம்எம்பேசிக்கில் அந்த உணரியைப் படிக்கத் தனிக் கட்டளையே இருக்கிறது.

கேள்வி: ஒன்பதாம் வகுப்பு மாணவியர் சிலரைக் கொண்டு இந்தக் கணினியைச் செய்ய ஆசை. அவர்களால் முடியுமா? சிப்பில் மென்பொருளை எப்படி ஏற்றுவது?
– அறிவியல் ஆசிரியை, சீர்காழி

பதில்: உறுதியாக முடியும். மென்பொருளை ஏற்றப் பிக்கிட் 3 போன்ற கருவி ஒன்று போதும். அதைப் பக்கத்துப் பொறியியல் கல்லூரியிலோ பாலிடெக்னிக்கிலோ கேட்டால் பெரும்பாலும் இருக்கும். முதல் கால், 4, 5 ஆகிய கால்கள், 3.3 வோல்ட், எர்த் என்று ஐந்து இணைப்புகள்தாம் தேவை. 20ஆம் காலின் மின்தேக்கி அப்போதும் இருந்தாக வேண்டும். அது இல்லாவிட்டால் கருவி சிப்பையே கண்டுகொள்ளாது. வேண்டிய சிப்புகள் எல்லாவற்றிலும் ஒரே நாளில் ஏற்றி வைத்துக்கொள்ளுங்கள்.

பெர்ரிக் குளோரைடு வேலையையும் துளையிடுவதையும் நீங்களே முடித்து, தடங்களைச் சோதிப்பதிலிருந்து மாணவியர் தொடங்கட்டும். இருவருக்கு ஓர் அயர்ன். ஒருவர் சால்டர் செய்ய, மற்றவர் மீட்டரால் பார்த்துக் குறிப்பேட்டில் எழுத வேண்டும். எந்தக் காலில் எத்தனை வோல்ட் வரவேண்டும், எத்தனை வந்தது என்று இரண்டு பத்திகளாக எழுதும் அந்தக் குறிப்பேட்டைப் பார்த்து நீங்கள் கையொப்பமிட்ட பிறகே சிப்பைக் கொடுங்கள். சன்னல்கள் திறந்திருக்கட்டும், சால்டரில் காரீயம் இருப்பதால் வேலை முடிந்ததும் சோப்பால் கை கழுவாமல் யாரும் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறக்கக் கூடாது. முதல் நிரலாக, ஒரு காலை வெளியீடாக அமைத்து, 330 ஓம் மின்தடையோடு இணைத்த எல்இடி விளக்கை அரை நொடிக்கு ஒருமுறை எரியவும் அணையவும் செய்யலாம். அது ஓடியதும், சிப் தன்னிடமுள்ள நிரலை மின்சாரம் வந்தவுடன் தானே தொடங்கும்படி அமைக்கும் கட்டளையைச் சொல்லிக்கொடுங்கள். மடிக்கணினியைக் கழற்றிவிட்டுச் சார்ஜரில் மட்டும் செருகினாலும் விளக்கு மின்னும்.